லூப் ஏன் காத்திருப்பதில்லை?

கேள்வி: எழுத்துவழி விளையாட்டுகளின் சர்வருடன் இணைக்கும் மட்லெட் (Mudlet) கிளையண்டில், லுவா (Lua) நிரல் மொழியில் சிறு நிரல்கள் எழுதி, அப்படியொரு விளையாட்டை ஆடிவருகிறேன். இரண்டு விநாடிக்கு ஒருமுறையாக ஐந்து முறை ‘வெட்டு’ கட்டளை போக வேண்டுமென்று ஃபார் லூப் (ஒரே வேலையைக் குறித்த எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி) எழுதினேன். ஐந்தும் ஒரே நொடியில் போய்விட, ‘இன்னும் மூச்சு வாங்குகிறது’ என்ற பதிலே நான்கு முறை வந்தது. நேரம் கடக்கும்வரை சுற்றும் வைல் லூப் ஒன்றை உள்ளே சேர்த்தபோது திரையே உறைந்துபோனது. உயிர் விழுக்காட்டைக் கணக்கிடும் என் ஃபங்ஷனும் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) திரையில் சரியான எண்ணைக் காட்டிவிட்டு, வெளியே நில் (nil, அதாவது ‘மதிப்பு எதுவும் இல்லை’) என்றே தருகிறது. பிழை எங்கே?

பதில்: மட்லெட்டில் உங்கள் நிரல் ஓடுவதும், சர்வர் அனுப்பும் வரிகளைப் படிப்பதும், திரையை வரைவதும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகள், உங்கள் நிரல் முடியும்வரை மற்ற இரண்டும் நிற்கும். அதனால்தான் திரை உறைந்தது. இன்னொரு வலையிலும் பலர் விழுகிறார்கள். ‘மூச்சு திரும்பியது’ என்ற வரி வந்ததும் டிரிகர் (குறித்த வரி வந்தால் தானாக ஓடும் நிரல்) ஒரு மாறியை மாற்றட்டும், அதுவரை வைல் லூப் சுற்றட்டும் என்று எழுதினால் அந்த லூப் என்றைக்குமே முடியாது. ஏனெனில் அந்த வரியைப் படிக்க வேண்டிய கிளையண்டை அந்த லூப்பே பிடித்து வைத்திருக்கிறது.

காத்திருக்கும் பொறுப்பை, சொன்ன விநாடிகள் கழித்து ஒரு வேலையைச் செய்யும் மட்லெட்டின் டெம்ப்டைமரிடம் (tempTimer) விடுங்கள். ஆனால் லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் டெம்ப்டைமருக்கு 2 என்றே கொடுத்தால், ஐந்து டைமர்களும் ஒரே கணத்தில் தொடங்கி, இரண்டு விநாடி கழித்து ஐந்து கட்டளைகளையும் மொத்தமாகக் கொட்டும். சுற்று எண்ணை இரண்டால் பெருக்கிக் கொடுத்தால் 2, 4, 6, 8, 10 என்று விலகி நிற்கும். டைமருக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டால் அது அப்போதே ஓடிமுடிந்து, அதன் விளைவுதான் டைமரிடம் போய்ச்சேரும். இதைக் கண்டுபிடிக்க நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் உங்கள் தேவைக்கு டைமரும் இரண்டாம்பட்சமே. சர்வர் தாமதித்தால் டைமரின் கணக்கு தவறும். விளையாட்டு அனுப்பும் வரியோ தவறாது. ஒரு முறை வெட்டி, மீதத்தில் ஒன்றைக் குறைக்கும் ஃபங்ஷனை எழுதி, ‘மூச்சு திரும்பியது’ என்ற வரிக்கான டிரிகர், மீதம் இருந்தால் மட்டும் அதை அழைக்கும்படி செய்யுங்கள்; முதல் வெட்டை நீங்களே தொடங்கிவைக்க வேண்டும். மீதத்தைக் குறிக்கும் மாறியை ஃபங்ஷனுக்குள் லோக்கலாக (அதற்குள் மட்டும் செல்லுபடியாகும்படி) அறிவித்து ஐந்து என்று வைத்தால், ஒவ்வொரு அழைப்பிலும் அது மீண்டும் ஐந்தாகிவிடும். ஆகவே அதை வெளியே வையுங்கள். இப்படித் தானாக ஓடும் நிரல்களை ஆள் இல்லாமல் விடுவதைப் பல விளையாட்டுகள் தடைசெய்வதால், உங்கள் விளையாட்டின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நில் விஷயம் எளிது: எண்ணைத் திரையில் எழுதுவதும் அழைத்தவரிடம் திருப்பித் தருவதும் வேறுவேறு. ஃபங்ஷனின் கடைசியில் ரிட்டர்ன் சேர்த்து, அதனுடன் கணக்கிட்ட மாறியின் பெயரை எழுதுங்கள். இஃப் (நிபந்தனை) கிளைகள் இருந்தால், ரிட்டர்ன் இல்லாத கிளை வழியாக வெளியேறும்போதும் இதே நில்தான் கிடைக்கும்.