ஷாக் கொடுத்தவர் மீது வழக்கு வருமா? ஏ.இ.டி. கருவியும் சட்டமும்: கேள்வி பதில்

ஒருவர் திடீரெனச் சுருண்டு விழுந்து மூச்சில்லாமல் கிடக்கிறார். சுவரில் ஏ.இ.டி. கருவி இருக்கிறது; ஒழுங்கிழந்த இதயத் துடிப்பை மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துச் சீராக்கும் கருவி அது. அதை எடுக்க யாருக்கும் கை வருவதில்லை. காரணம், பெரும்பாலும் போலீஸ் பயம். நான் வழக்கறிஞர், முதலுதவிப் பயிற்சியும் அளிக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, உதவி செய்பவர்களை மோட்டார் வாகனச் சட்டம் காப்பாற்றுகிறது என்கிறார்கள். ரயில் நிலையத்தில் இதயம் நின்று விழுந்தவருக்கு நான் ஷாக் கொடுத்து, அவர் பிழைக்காமல் போனாலும் அந்தப் பாதுகாப்பு உண்டா? (ரயில் பயணி, தாம்பரம்)

பதில்: அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை. 2019 திருத்தத்தில் வந்த 134அ பிரிவு, மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரை மட்டுமே காக்கிறது. அங்கே அது தரும் பாதுகாப்பு மிகப் பெரியது: உதவியவரின் கவனக்குறைவாலேயே காயமோ மரணமோ நேர்ந்தாலும், சிவில், கிரிமினல் இரண்டிலும் அவரைப் பொறுப்பாக்க முடியாது. பிளாட்பாரத்தில் இதயம் நின்று விழுந்தவர் விஷயத்தில் அந்தப் பிரிவு பேசவில்லை. சாலையில் விழுந்த உயிருக்கு ஒரு நியாயம், பிளாட்பாரத்தில் விழுந்த உயிருக்கு இன்னொரு நியாயம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடாளுமன்றம் இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

அதற்காக நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவைப் படியுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 92-ஆவது பிரிவு. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் ஒருவர் கிடக்கிறார், அவர் சார்பில் சம்மதம் தரக்கூடியவரைத் தேட நேரமும் இல்லை என்றால், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயல் தீங்கில் முடிந்தாலும் குற்றமாகாது. இதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவரைப் புலி தூக்கிச் செல்கிறது. குண்டு அவர் மீதே படலாம் என்று தெரிந்தும், அவரைக் காப்பாற்றும் எண்ணத்தில் இன்னொருவர் புலியைச் சுடுகிறார். குண்டு பட்டு அவர் இறந்துபோகிறார். சுட்டவர் குற்றம் செய்யவில்லை என்கிறது சட்டம். துப்பாக்கிக்கே இந்த இடம் இருக்கும்போது, உயிர் காக்கவென்றே செய்யப்பட்ட கருவியைக் கையில் எடுத்தவருக்கு இல்லாமல் போகுமா?

ஆனால் ‘நல்லெண்ணம்’ என்றால் நல்ல மனது மட்டும் போதாது. உரிய கவனமும் வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. கருவி சொல்வதைக் கேட்டு, அதன்படி செய்வதே இங்கே உரிய கவனம்.

கேள்வி: தப்பாக ஷாக் கொடுத்துவிட்டால்? நான் பயிற்சி எடுத்ததில்லை. (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, ஷாக் தேவையா இல்லையா என்று முடிவு செய்வது கருவி. கருவியோடு வரும் ஒட்டும் பட்டைகளை மார்பில் ஒட்டியதும் அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அலசுகிறது. இதயம் ஒழுங்கில்லாமல் படபடத்துக்கொண்டிருக்கும் குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே ஷாக் கொடுக்கச் சொல்லும். சாதாரணமாக மயங்கியவருக்குப் பொத்தானை அழுத்தினாலும் ஷாக் பாயாது. ஒரு பட்டை வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில்; பட்டையிலேயே படம் போட்டிருக்கும். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள். ஷாக் கொடுக்கும்போது யாரும் அவரைத் தொடக்கூடாது. கருவி வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சின் நடுவே அழுத்துங்கள். 108-ஐ அழைக்க வேறொருவரிடம் சொல்லுங்கள். சும்மா கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைத்துவிடுகிறது.

கேள்வி: விழுந்தவர் பெண்ணாக இருந்தால் நான் எப்படித் தொடுவது? மானபங்க வழக்குப் போட்டுவிட மாட்டார்களா? (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

பதில்: இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, அண்ணா. இந்தத் தயக்கத்தால் பெண்களின் உயிர் போகிறது. மானபங்கக் குற்றத்துக்கு மானத்தைக் குலைக்கும் நோக்கமோ, குலையும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். உயிர் காக்கச் சட்டையைத் திறப்பது அதில் சேராது. 30-ஆவது பிரிவும் உங்கள் பக்கம் நிற்கிறது. பட்டை நேராகத் தோலில் ஒட்ட வேண்டும், அதனால் துணியை விலக்காமல் முடியாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உரக்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அருகில் பெண்கள் இருந்தால் புடவையையோ துப்பட்டாவையோ திரைபோலப் பிடிக்கச் சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்களே உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: பிறகு ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: சாலை விபத்து என்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ஆம் தேதி கட்டாயமாக்கியது. 2020-இல் அவை மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் சேர்ந்தன. நீங்களாக முன்வந்து சாட்சியானாலும், உங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் ஒரே முறைதான் விசாரணை. மற்ற சம்பவங்களில் இந்த விதிகள் பொருந்தாது. ஆனாலும் பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆவது பிரிவு சொல்கிறது.

கேள்வி: உதவாமல் போனால் குற்றமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வழிப்போக்கருக்கு இந்தியாவில் பொதுவாக அப்படி ஒரு சட்டக் கடமை இல்லை. விபத்தில் சம்பந்தப்பட்ட வாகனத்தின் ஓட்டுநருக்கு உண்டு.

கேள்வி: டொரன்டோவில் எங்கள் கோயிலுக்கு ஏ.இ.டி. வாங்க நினைக்கிறோம். ஏதாவது நடந்தால் நிர்வாகக் குழு மாட்டிக்கொள்ளுமா? (குழு உறுப்பினர், ஸ்கார்பரோ)

பதில்: உங்கள் மாகாணத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளிகளில் இக்கருவி வேண்டும் என்று போராடி, 2006-இல் 11 வயதில் இறந்த சேஸ் மெக்கீக்கர்ன் என்ற சிறுவனின் பெயரால் 2007-இல் ஒன்டாரியோ அதைக் கொண்டுவந்தது. நல்லெண்ணத்தோடு கருவியைப் பயன்படுத்தியவர் மீது, படுமோசமான அலட்சியம் இருந்தாலன்றி, சிவில் பொறுப்பு விழாது. கருவியை வைத்திருக்கும் இடத்தின் உரிமையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் கருவியைச் சரியாகப் பராமரிக்கத் தவறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே பேட்டரியும் பட்டைகளும் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்பதைக் கவனிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். மாதந்தோறும் சோதித்துக் கையெழுத்திட ஒரு பதிவேடு வையுங்கள். பெட்டியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.