பழைய கணினியில் லினக்ஸ் போட்டபின் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வருவது ஏன்?

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு இயங்குதளத்தை எந்த வழியில் தேடுகிறதோ அதுதான் பூட் மோட். பழைய பயாஸ் வழி, அதாவது லெகசி, டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். பயாஸுக்குப் பின் வந்த புதிய வழியான யூஇஎஃப்ஐ அதைக் கண்டுகொள்ளாது. ஃபேட் வகைப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த ஒரு பகுதியில், தனிக் கோப்பு ஒன்றைத் தேடும். சாவியை வாசல் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறோம், வந்தவர் கொல்லைப்புறத்தில் துழாவுகிறார். அந்தக் கதைதான்.

கோளாறு பெரும்பாலும் லினக்ஸைப் பதியப் பயன்படுத்தும் பென்டிரைவில் தொடங்குகிறது. அது எந்த மோடில் பூட் ஆனதோ அதே மோடில்தான் லினக்ஸ் பதியும், அதுவும் சத்தமில்லாமல். இரண்டு மோடும் உள்ள கணினியின் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்றிருக்கும், மற்றது வெறும் பெயர். அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவோம் (நானும்தான்). பிறகு கணினி மற்ற மோடில் தேடினால் இந்தச் செய்திதான் வரும்.

அதே பென்டிரைவிலிருந்து லினக்ஸைப் பதியாமலே இயக்கி (லைவ்) டிஸ்க்கைப் பாருங்கள். 'இஎஃப்ஐ சிஸ்டம்' என்ற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இல்லையென்றால் பதிந்தது லெகசியில். மதர்போர்டின் செட்டப் திரையில் லெகசிக்கு மாற்றினால் எழுந்துவிடும். இருந்தால் யூஇஎஃப்ஐக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் அடம்பிடித்தால், சில பழைய யூஇஎஃப்ஐகள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயருள்ள கோப்பை மட்டுமே திறக்கும்; லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் நிரலின் கோப்பை அந்தப் பெயரில் நகலெடுத்து வைக்க வேண்டும்.

இந்தச் செய்தியைக் கண்டதும் ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்று பலர் முடிவுகட்டுகிறார்கள்; பெரும்பாலும் டிஸ்க்கும் லினக்ஸும் அப்படியேதான் இருக்கும்.