களத்தில் நின்ற நிமிடங்கள்

அன்புள்ள அக்கா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். நீங்களும் ஆடுவதாக எழுதியிருந்த பஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டில் நானும் ஒரு கூடைப்பந்து அணியை நடத்தி வருகிறேன். புதியவர்களைத் தெரிவு செய்தபோது ஏழடி உயரமான, கூடைக்கு அருகில் நின்று ஆடும் 18 வயதுச் சென்ரர் ஒருவன் எனக்குக் கிடைத்தான். அவனுக்குக் கூடைக்கு அருகில் நின்று எறிவதை மட்டும் பழக்குவதா, பந்தைக் கொடுப்பதையும் பழக்குவதா? அதைப் பழக்க அவனைப் பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் பொயின்ற் கார்ட்டாக இறக்கினால் ஆட்டம் தோற்கிறது, நண்பர்கள் சிரிக்கிறார்கள். மூன்று வாரமாகியும் ஒரு திறனும் ஏறவில்லை, விற்றுவிடலாமா? மற்ற இளையவர்கள் எல்லோரும் குப்பை. அரங்க நுழைவுச்சீட்டு விலை, பயிற்றுநரின் தரம் ஆகியவை பற்றியும் சொல்லுங்கள். பின்னேரங்களில் என் பழைய பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க உதவுகிறேன் என்பதால் பயிற்சி பற்றி உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

நுழைவுச்சீட்டு விலையையும் பயிற்றுநரின் தரத்தையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சில வாரங்கள் வரவு செலவைக் கவனித்தால் அவை உங்களுக்கே பிடிபட்டுவிடும். கடைசி வரியை நீங்கள் எழுதாதிருந்தால் உங்களுக்குத் தனியாக நாலு வரி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வலைப்பந்து பழக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சில வரிகள் முன்னால் உங்கள் அணியின் இளையவர்களைக் குப்பை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணினியில் உள்ள பெயர்கள்தானே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒரு சொல் வாயில் பழகிவிட்டால், பின்னேரம் மைதானத்துக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஒருவராலும் முடியாது. அந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையனுக்குப் பந்தைக் கொடுக்கவும் கொண்டு செல்லவும் பழக்குங்கள். உயரமானவர்களுக்குக் கூடைக்கு அருகில் ஆடும் திறன்கள் விரைவாகவும் வெளியே நின்று ஆடும் திறன்கள் மெதுவாகவும் ஏறும்படி அந்த விளையாட்டை அமைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றோடொன்று தொடர்புள்ள திறன்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏறும்படியும் அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஒன்றை மட்டும் உயர்த்திக்கொண்டு போனால் போகப்போக அதுவும் தயங்கத் தொடங்கும். மூன்று வாரத்தில் ஒன்றும் ஏறவில்லை என்பது உங்கள் அவசரம். திறனின் முழு நிலை மட்டுமே திரையில் தெரிகிறது. இரண்டு நிலைகளுக்கு இடையில் நடக்கும் வளர்ச்சி மறைந்திருக்கிறது. விசுவமடுவில் கச்சான் செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவர், காய்த்துவிட்டதா என்று பார்க்க நாள்தோறும் செடியைப் பிடுங்கலாமா? 18 வயதில் வளரும் வேகம் பிறகு ஒவ்வொரு வயதுக்கும் குறைந்துகொண்டே போகும். இந்த வயதில் அவனை விற்க நினைப்பது பெரும் பிழை.

அந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் எந்த இடத்துக்குப் பயிற்சி வைக்கிறோமோ அந்த இடத்தில் ஒருவன் 48 நிமிடங்கள் ஆடியிருந்தால்தான் அவனுக்கு முழுப் பயிற்சி கிடைக்கும். 48 நிமிடம் என்பது அந்த விளையாட்டில் ஒரு முழு ஆட்டம். பாதி நேரம் நின்றவனுக்கு அதற்கேற்ற பங்குதான்; வாங்கில் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு லீக் ஆட்டங்களும் ஒரு நட்பு ஆட்டமும் இருப்பதால், ஓர் இடத்துக்கு மட்டும் பயிற்சி வைத்தால் மூன்று பேருக்கு முழு நிமிடங்களைக் கொடுக்கலாம். எவ்வளவு நல்ல பயிற்றுநரை வைத்திருந்தாலும், எவ்வளவு பணம் சேர்த்து வைத்திருந்தாலும் களத்தில் இறக்காத ஒருவனை வளர்த்துவிட முடியாது. சென்ரரைப் பொயின்ற் கார்ட்டாக இறக்கித் தோற்பதுதான் அந்த வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை. அதைக் கொடுக்க மனமில்லாதவர் வளர்ந்தவர்களை விலைக்கு வாங்கி ஆடலாம். 2007ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு விளையாட்டில் இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும் இந்த விதியை நம் பாடசாலை மைதானங்களில் யாராவது கடைப்பிடித்திருந்தால் என் தங்கையின் பள்ளிக்காலம் வேறு விதமாக இருந்திருக்கும்.

மீள்குடியேறிய பின் திறந்த பாடசாலை ஒன்றில் அவள் படித்தாள். கூரையில் தகரமும் தறப்பாளும் இருந்த காலத்திலேயே அங்கே வலைப்பந்துக் கம்பங்களை நட்டுவிட்டார்கள். அந்தக் கம்பங்கள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மகிழ்ச்சியை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னிடம் சொல்லில்லை. அணியில் அவளுடைய பெயரும் இருந்தது. போட்டிக்கு முதல் நாள் அம்மா சீருடையைத் தோய்த்துக் காயவைத்து, அயலில் ஸ்திரிக்கைப்பெட்டி இரவல் வாங்கி, பாவாடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி வைப்பார். அவள் விடியற்காலையில் போய் இருட்டுகிற நேரத்தில் வருவாள். ஒருநாள் தோய்ப்பதற்கு எடுத்த பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: “ஏன் பிள்ளை, இண்டைக்கும் உடுப்பில ஒரு ஊத்தையும் இல்லை?” தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தல்களையும் மற்றவர்களின் செருப்புகளையும் காத்துக்கொண்டு நாள் முழுவதும் வாங்கில் இருந்த பிள்ளை அதற்கு என்ன பதிலைச் சொல்வாள்? அவளை ஒருநாளும் ஒரு கால்பகுதிக்குக்கூட இறக்கவில்லை. உயர்தரத்துக்கு வந்தபோது தனக்கு விளையாட்டு வராது என்று தானே சொல்லத் தொடங்கினாள். வருமா வராதா என்று ஒருவரும் பார்த்ததேயில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

பஸர்பீட்டரில் ஒவ்வொருவனுக்கும் அவன் எட்டக்கூடிய உயரம் இதுதான் என்று ஒரு தரம் எழுதியிருக்கிறது. கீழிருந்து இரண்டாவது தரத்தின் பெயரே வாங்கில் இருப்பவன் என்பதுதான். அங்கே அது கணக்குக்காக எழுதப்பட்டது, பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நம் பிள்ளைகளுடைய நெற்றியில் அப்படி ஒன்றும் எழுதியில்லை. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே களத்தில் இறக்க ஏழு பேரைப் பொறுக்கிவிட்டு மற்றவர்களின் தரத்தை நாமே எழுதிவிடுகிறோம்.

என் தங்கையை வாங்கில் இருத்திய ஆசிரியர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லி இதைக் கடந்துவிட என்னால் முடியவில்லை. கடந்த தவணையில் வலய மட்டப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தவரையில் இந்தப் போட்டிகள் விலகல் முறையிலேயே நடக்கின்றன. 16 அணிகள் வந்தால் முதற்சுற்றோடு 8 அணிகள் வீடு திரும்பிவிடும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலை பெற்றோரிடம் காசு சேர்த்து, வாகனம் பிடித்து, சோற்றுப் பொதிகளோடு முள்ளியவளைக்கு வந்து ஒரேயொரு ஆட்டத்தோடு திரும்புகிறது என்றால், அந்த ஒரு ஆட்டத்தில் வாங்கில் இருக்கும் பிள்ளையை இறக்கிப் பார்க்கும் துணிவு எந்த ஆசிரியருக்கு வரும்? அதே 16 அணிகளை நாலு நாலாகப் பிரித்துக் குழுவுக்குள் எல்லோரோடும் எல்லோரையும் ஆடவிட்டால் எந்த அணிக்கும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாது. கூடுதல் நாளும் நடுவர்களும் வேண்டியிருக்கும் என்பதை நானும் அறிவேன். ஆனால் கிண்ணத்தை யார் கொண்டுபோவது என்பதை ஒரே நாளில் முடித்துவிடும் அவசரத்துக்காக, நீண்ட தூரம் வந்த பிள்ளைகளின் நிமிடங்களைப் பறித்துக்கொள்கிறோம்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது கோலடித்து ஆடிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரம். அந்த வெற்றிக்குப் பிறகு நம்மூரில் சற்று உயரமான சிறுமியைக் கண்டால் உடனே கோல் சூட்டருக்குரிய அடையாளத் துணியை அவளுக்குக் கட்டி வளையத்துக்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பவள் கோல் பகுதியை விட்டு வெளியே வர விதி இடம் கொடுக்காது. ஆகவே அவள் பந்தை நடுவிலிருந்து கொண்டுவருவது எப்படி என்று அறியாமலே வளர்கிறாள். கட்டையான பிள்ளை ஒருநாளும் எறிந்து பார்க்காமலே வளர்கிறாள். உங்கள் சென்ரருக்குப் பந்தைக் கொடுக்கப் பழக்கச் சொன்னதும் இதனால்தான். வலைப்பந்தில் சென்ரர் என்பவள் நடுக்களத்தில் ஆடுபவள்; உயரமான பிள்ளையை அந்த இடத்தில் ஆடவிடுங்கள், கட்டையான பிள்ளையை வளையத்தடியில் நிற்கவிடுங்கள். நட்பு ஆட்டங்களில் தோற்றால் தோற்றுப் போகட்டும், உங்கள் நண்பர்கள் அங்கேயும் வந்து சிரிக்கட்டும்.

வலைப்பந்து அணியில் 12 பேர் வரை இருக்கலாம், ஏழு பேர் களத்தில் நிற்பார்கள், இடைவேளைகளில் ஆட்களையும் இடங்களையும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒரு பயிற்றுநருக்கு என்ன வசதி வேண்டும்? நாளைக்கே ஒரு கொப்பி வாங்கி 12 பெயர்களையும் எழுதி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் என்று நேரே குறித்து வாருங்கள். அதைப் பிள்ளைகளும் பார்க்கும்படி வையுங்கள். அதிபர் வெற்றியைப் பற்றிக் கேட்டால் அவருக்கும் காட்டுங்கள். எந்தப் பெயருக்கு நேரே பூச்சியம் இருக்கிறதோ அந்தப் பிள்ளையை அடுத்த ஆட்டத்தின் முதலாவது கால்பகுதியில் இறக்குங்கள். தோல்வி உறுதியான பிறகு கடைசி ஐந்து நிமிடத்துக்கு இரக்கப்பட்டு இறக்காதீர்கள். அது எதற்கென்று பிள்ளைக்கு விளங்கிவிடும்.

அன்புடன்,
அக்கா