ஒரே சீசனில் நின்றுபோன பழைய துப்பறியும் தொடர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

'எல்லரி குயின்'. யோசிக்கவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் என்பிசி சேனலில் 1975 செப்டம்பரில் தொடங்கி 1976 ஏப்ரலில் முடிந்துபோனது. தொடருக்கு முன்னோட்டமாக எடுத்த பைலட் படத்தைத் தள்ளிவிட்டால் மொத்தம் 22 எபிசோடுகள்.

நான் பார்த்தது டிவிடியில், அப்பாவோடு. ஒவ்வொரு எபிசோடின் ஆரம்பத்திலும், இவர் இன்னும் சற்று நேரத்தில் சாகப்போகிறார் என்று ஒருவரைக் காட்டி, கொன்றது இவரா, இவரா என்று சந்தேகத்துக்குரிய முகங்களை வரிசையாகக் காட்டுவார்கள். கதை முக்கால்வாசி ஓடியதும் துப்பறியும் நாயகன் எல்லரி கேமரா பக்கம் திரும்பி நம்மிடமே பேசுவார். எனக்கு விடை தெரிந்துவிட்டது, உங்களுக்கு? தடயங்களையெல்லாம் நீங்களும்தானே பார்த்தீர்கள் என்பார்.

அங்கே அப்பா ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிடுவார். பால் கணக்கு நோட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு கிழித்துக்கொள்வோம். பெயரை மட்டும் எழுதினால் போதாது, ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். மடித்துக் காபி டம்ளருக்கு அடியில் வைத்த பிறகுதான் மறுபடி ஓடவிடுவோம். பெரும்பாலும் இரண்டு பேருமே தப்பாகத்தான் எழுதியிருப்போம். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. 'அட, இது நம் கண்ணெதிரிலேயே இருந்ததே' என்றுதான் இருக்கும்.

இந்த நேர்மை நாவல்களிலிருந்து வந்தது. ஃபிரெடெரிக் டானே, மன்ஃப்ரெட் லீ என்ற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் 1929 முதல் எல்லரி குயின் என்ற பெயரில் எழுதினார்கள். ஆரம்ப கால நாவல்களில் முடிவுக்கு முன்னால் வாசகருக்கு ஒரு சவால் விடுவார்கள். அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும். 'கொலம்போ' துப்பறியும் தொடரை உருவாக்கியவர்களும் இவர்களேதான். அதில் கொலையாளி யாரென்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். இது நேர் எதிர்.

கதை நடப்பது 1940களின் நியூயார்க்கில். எல்லரியாக ஜிம் ஹட்டன். நெட்டையான, ஞாபக மறதிக்கார எழுத்தாளர். எல்லரியும் அவர் அப்பாவும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர், நடித்தவர் டேவிட் வெய்ன். மகன் மறந்துபோனதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, கடைசியில் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் அந்த முகத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். சைமன் பிரிம்மர் என்று ஒரு வானொலிப் பிரபலம் வருவார். எல்லரியை முந்திக்கொண்டு மிக அழகாக ஒரு விடை சொல்வார், அது தப்பாக இருக்கும். அந்த வேடத்தில் ஜான் ஹில்லர்மன். பிறகு 'மேக்னம்' தொடரில் ஹிக்கின்ஸாக வந்தவர்.

ஏன் நின்றது? வியாழன் இரவில் வந்துகொண்டிருந்ததைப் பாதியில் ஞாயிறுக்கு மாற்றினார்கள். ஆனால் பெரிய காரணம் இது கேட்கும் கவனம்தான் என்பேன். நடுவில் ஒரு நிமிடம் எழுந்து போனால் தடயம் தப்பிவிடும். டிவிடியில் நாங்கள் பின்னால் தள்ளிப் பார்த்தோம். 1975இல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வசதி ஏது? லெவின்சனும் லிங்க்கும் பீட்டர் ஃபிஷரோடு சேர்ந்து 1984இல் 'மர்டர், ஷி ரோட்' தொடங்கினார்கள். அதிலும் துப்பறிவது ஓர் எழுத்தாளர்தான். அது 12 சீசன் ஓடியது. நல்ல தொடர்தான், ஆனால் 'உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?' என்று யாரும் நம் பக்கம் திரும்பிக் கேட்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

ஹட்டன் 1979இல், 45 வயதிலேயே இறந்துவிட்டார். மகன் டிமோதி ஹட்டன் 2001இல் 'நீரோ உல்ஃப்' தொடரில் துப்பறிவாளர் உல்ஃபின் உதவியாளர் ஆர்ச்சி குட்வினாக நடித்தார். அதுவும் இரண்டே சீசன். அதையும் தேடிப் பாருங்கள்.

எல்லரியில் எங்கே தொடங்குவது என்றால், 'மேட் டீ பார்ட்டி' எபிசோடில் தொடங்குங்கள். குயின் எழுதிய சிறுகதையையே வைத்து எடுத்த ஒரே எபிசோட் அது. எல்லரி திரும்பும்போது கண்டிப்பாக நிறுத்துங்கள். அதைப் பார்த்த அன்றைக்கு என் அப்பா சீட்டில் எழுதியிருந்த பெயர் சரி, காரணமும் சரி. நான் எழுதியது இரண்டுமே தப்பு.