தங்கத் தாது ஆலையில் வேலை: கை நடுக்கத்துக்குப் பாதரசம் காரணமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கத் தாது ஆலையில் வேலை. விடுமுறையில் வந்து மூன்று வாரமாகிறது. கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். ஆலையில் பாதரசம் வரும் என்கிறார். ரத்தப் பரிசோதனையில் பாதரசம் ‘நார்மல்’. நிம்மதியாக இருக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: அந்த ‘நார்மலை’ நம்பி விட்டுவிடாதீர்கள். ஆவியாக உள்ளே போன பாதரசம் ரத்தத்தில் சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். போதாததற்கு, மீன் சாப்பிட்டாலே ரத்த அளவு ஏறும். பார்க்க வேண்டியது சிறுநீரை. அதில் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். எனவே இந்த வாரமே காலை முதல் சிறுநீரைக் கொடுங்கள், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவை லேபிலேயே வாங்குங்கள். தொழிலாளர்களுக்கு அமெரிக்காவின் ஏசிஜிஐஹெச் அமைப்பு சொல்லும் வரம்பு, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 20 மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருந்தாலும் நடுக்கம் தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறிலும் இதே நடுக்கமும் எரிச்சலும் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று கேளுங்கள். சில தங்கத் தாதுக்களில் பாதரசம் இயற்கையாகவே உண்டு. சயனைடு கரைசல் தங்கத்தோடு அதையும் கரைத்துவிடும், கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கப் போடும் கரியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கிடைக்கும் சேற்றை ரிட்டார்ட் என்ற மூடிய உலையில் சூடாக்கிப் பாதரசத்தைப் பிரிப்பார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆவி கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. சுவாசிப்பதில் சுமார் 80 சதவீதம் உடம்பிலேயே தங்கிவிடும். உலைப் பக்கமோ கரிப் பக்கமோ வேலை என்றால் என் சந்தேகம் கூடும். சாதாரணத் தூசி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, பாதரசத்துக்கென்றே உள்ள வடிகட்டி வேண்டும்.

முதல் சிகிச்சை, அந்த ஆவியிலிருந்து விலகி இருப்பதுதான். பாதரசத்தை வெளியேற்றும் மாத்திரையைப் பரிசோதனை முடிவு பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீர் அளவு செயற்கையாக ஏறிக் காட்டும், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘நச்சு நீக்கும்’ மருந்து எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். சில சித்த, ஆயுர்வேத ரச மருந்துகளிலேயே பாதரசம் இருக்கிறது.

அப்புறம் குழந்தை. வேலை உடை, ஷூ எதையும் ஊருக்குக் கொண்டு வந்திருந்தால் மூடிய பையில் கட்டி வெளியே வையுங்கள், வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். அவை வீட்டுக்குள் கிடந்திருந்தால் உங்களுக்கும் குழந்தைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும்வரை அவருக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட வேண்டாம்.