ஆதாரமே இல்லாத பழியை ஒரு ஊரே எப்படி நம்புகிறது?

பழியைக் கிளப்பிவிடுவது பயம். அதை ஆறவிடாமல் வைத்திருப்பது, அதனால் யாருக்கோ கிடைக்கும் ஆதாயம். சென்னையில் 2020 ஏப்ரலில் இரண்டையுமே பார்த்தோம். கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸின் உடலைப் புதைத்தால் நோய் பரவும் என்று வதந்தி கிளம்பி, கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. வேலங்காடு மயானத்திலோ ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள். கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டரே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். இப்படித் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது.

அது பயம். ஆதாயத்தை எங்கள் ஃப்ளாட்டிலேயே பார்த்தேன்.

இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தார். டூட்டி முடிந்து வந்ததும் கேட் பக்கக் குழாயில் செருப்பைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். அவர்தான் கொரோனாவைக் கொண்டுவருகிறார் என்று பழி சுமத்திய மற்ற வீட்டுக்காரர்கள் அதையே சாட்சியாக்கினார்கள்: "கிருமி இல்லன்னா எதுக்குக் கழுவுறா?" கழுவாமல் வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். அவருடைய ஹவுஸ் ஓனருக்கோ வாடகையை ஏற்ற வேண்டும். அதற்கு நர்ஸ் காலி செய்ய வேண்டும். அசோசியேஷனில் ஓனர் வாயே திறக்கவில்லை, பேச்சு தானாக வளர்ந்தது. இதற்கிடையில் முதல் மாடி வீட்டில் இருமல் சத்தம் கேட்டதாக ஒரு பேச்சு. மறுநாளிலிருந்து நர்ஸுக்கு எதிராக அதிகம் கத்தியது அந்த முதல் மாடிக்காரர்தான்.

இது புதிதும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரில் 1692-ல் சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி விசாரித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அடுத்தவர் பெயரையும் சொன்னவர்கள் உயிர் பிழைத்தார்கள். கடைசி வரை மறுத்தவர்களில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். பொய் சொன்னால்தான் உயிர் என்றால் பெயர்ப்பட்டியல் நீளாமல் என்ன செய்யும்? சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகுட்டி உள்ளவர்கள், உயிருக்குப் பயந்தவர்கள்.

நர்ஸ் ஒரு மாதத்தில் காலி செய்துவிட்டார். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு தேடி அலைந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: நேரில் பார்த்தது யார்? பழிக்கு ஆளானவர் போய்விட்டால் யாருக்கு என்ன கிடைக்கும்? முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "உனக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்று பழி உங்கள் பக்கம் திரும்பும்.