“அப்புறம் என்ன செஞ்சே?” – எச்.ஆர். சுற்றுக்கு வீட்டிலிருந்தே தயாராவது

சாத்தூர் பக்கமிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பையன் ஈ.சி.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) கடைசி வருடம் படிக்கிறான், இரண்டு கம்பெனிகளில் ஆன்லைன் தேர்வும் டெக்னிக்கல் சுற்றும் தாண்டி, கம்பெனியின் மனிதவளத் துறை நேரில் பேசிப் பார்க்கும் எச்.ஆர். சுற்றில் நின்றுவிட்டது, அடுத்த கம்பெனி கல்லூரிக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். “யூடியூப் பார்த்து கேள்வி பதில் எல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான். அப்படியும் ஏன் கிடைக்கவில்லை? எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்கள் எப்படி உதவுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அந்த மனப்பாடம்தான். உங்களால் செய்யக்கூடிய உதவிக்கு இங்கிலீஷ் தேவையே இல்லை.

நேர்காணல் எடுப்பவர் பக்கமிருந்து பாருங்கள். காலையிலிருந்து ஒரே கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வருகிறார்கள். எல்லோரும் “ஐ யாம் எ ஹார்ட் ஒர்க்கர், ஐ யாம் எ குயிக் லேர்னர்” என்கிறார்கள். பலவீனம் கேட்டால் எல்லோரும் “பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்” என்கிறார்கள். ஒரே வீடியோவைப் பார்த்து, ஒரே சாட்ஜிபிடியிடம் கேட்டுப் படித்துவிட்டு வந்தால் வேறு எப்படி இருக்கும்? அதனால் முதல் பதிலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “சரி, ஹார்ட் ஒர்க்கர் என்கிறீர்களே, ஒரு உதாரணம் சொல்லுங்கள்” என்று இரண்டாவது கேள்வி போடுவார். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். படித்த பாடம் முதல் பதிலோடு முடிந்துவிடும், சொந்தமாகச் சொல்ல ஒன்றும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் பையனும் “இரண்டாவது கேள்விக்குத் திணறிட்டேன்மா” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இங்கிலீஷ் பிரச்சினை என்று நினைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பத்து நாளில் அதனால் பலன் இருக்காது.

அவன் வாழ்க்கையில் நடந்த ஐந்தாறு விஷயங்களை, கேட்டால் நான்கு கேள்வி வரை தாங்கும் அளவுக்கு, எடுத்து வைக்க வேண்டும். கேள்விகள் எத்தனை விதமாக வந்தாலும் இந்த ஐந்தாறுக்குள் ஏதோ ஒன்று பொருந்திவிடும்.

உங்கள் கடிதத்திலேயே அருமையான ஒன்று இருக்கிறது. வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள், தீபாவளி நேரத்தில் பையன் கூட இருந்து உதவுவான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவன் ரெசுமேயில் இது நிச்சயம் இருக்காது. அம்மா தையல் கடை வைத்திருப்பதைச் சொன்னால் குறைவாக நினைப்பார்களோ என்று பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஒரு தையல் கடையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜாக்கெட் துணி மலை மாதிரி குவிந்திருக்கும். அளவு ஜாக்கெட் கொடுத்தவர் ஒருவர், பழைய அளவிலேயே தைத்துவிடு என்பவர் ஒருவர், லைனிங் துணியை அப்புறம் தருகிறேன் என்று போனவர் ஒருவர். ஹூக் வைக்கவும் ஹெம்மிங் போடவும் வெளியே கொடுத்தது திரும்பி வந்திருக்காது. நாளைக்குத் தருகிறேன் என்று சொன்ன ஆள் இன்றைக்கே வாசலில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் உங்கள் பையன் என்ன செய்தான்? அளவு நோட்டைப் பார்த்து எது எந்தத் தேதிக்கு என்று பிரித்து வைத்தானா? வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொன்னானா? கோபமாக வந்தவரிடம் பேசி அனுப்பினானா? துணி மாறிப் போனதை ஒருமுறையாவது கண்டுபிடித்தானா?

“வேலை நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?”, “கோபமான வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வீர்கள்?”, “குழுவாக வேலை செய்த அனுபவம் உண்டா?” ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு அனுபவம் போதும். இதில் எத்தனை கேள்வி தோண்டிக் கேட்டாலும் அவன் தடுமாற மாட்டான், நடந்ததைத்தானே சொல்கிறான்.

இங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு அரைமணி நேரம் அவனை எதிரில் உட்கார வையுங்கள். போன தீபாவளிக்குக் கடையில் என்ன நடந்தது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லி நிறுத்தும்போதெல்லாம் “அப்புறம் என்ன செஞ்சே?”, “ஏன் அப்படிச் செஞ்சே?”, “கடைசியில என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்வி போதும். “நாங்க செஞ்சோம்” என்று சொன்னால், “நீ என்ன செஞ்சே?” என்று திருப்பிக் கேளுங்கள். நேர்காணலிலும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். தமிழில் கோர்வையாக இரண்டு நிமிடம் சொல்ல வந்துவிட்டால், அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக அவன் மாற்றிக்கொள்வான். தமிழிலேயே கோர்வை இல்லாத விஷயம் இங்கிலீஷில் எப்படியும் வராது.

அடுத்தது ப்ராஜெக்ட். மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டார் போடுகிற கருவி செய்திருக்கிறான் என்கிறீர்கள். ஈ.சி.ஈ. பிள்ளைகளில் பலர் செய்யும் ப்ராஜெக்ட்தான், அதில் தவறில்லை. எச்.ஆர். சுற்றிலும் ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்பார்கள். அந்தத் துறை தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வருகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு உங்களை விடச் சரியான ஆள் இல்லை. உங்களுக்குப் புரியும்வரை விளக்கச் சொல்லுங்கள். அவன் வாங்கிய சென்சார், இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் விலை மலிவான வகையாக இருந்தால், ஈர மண்ணில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த உலோகப் பூச்சு அரித்துப் போய் அளவு மாறத் தொடங்கும். அவனுக்கும் அது நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அதைச் சொல்லட்டும்: “முதலில் சரியாகக் காட்டியது, நாள் போகப் போகத் தப்பாகக் காட்டியது, அப்புறம் அளவு எடுக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கிற மாதிரி ப்ரோக்ராமை மாற்றினேன்.” அல்லது, “அரிக்காத கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறினேன்.” எது நடந்ததோ அது. தகராறு செய்த ஒரு சென்சாரை எப்படிச் சரி பண்ணினான் என்பதைச் சொன்னால், பக்கம் பக்கமாகச் சொல்லும் தியரியை விட அது எடுபடும்.

ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால், “நானே முழுக்கச் செய்தேன்” என்று சொல்ல வேண்டாம். பத்து நாள் இருக்கிறது. பிரித்து, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே எதற்கு, ப்ரோக்ராமில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் மோட்டார் ஓடுகிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டால் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும். ரெசுமேயில் போட்டிருக்கும் சான்றிதழ்களுக்கும் இதேதான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் எடுத்த கோர்ஸோ வேறு எதுவோ, அதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் மூன்று வாக்கியம் சொல்ல வராத எதையும் ரெசுமேயிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நான்காம் செமஸ்டரில் எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பேப்பரில் அரியர் விழுந்ததை மறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கக் கூடாது. பேப்பரை முடித்துவிட்டான் என்றால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. பல கம்பெனிகள் பார்ப்பது இப்போது நிலுவையில் அரியர் இருக்கிறதா என்பதைத்தான். ஆனால் இல்லை என்று பொய் சொல்லி, வேலையில் சேர்ந்தபின் சான்றிதழ் சரிபார்ப்பில் தெரியவந்தால் வேலையே போகும். கேட்டால், “அந்தப் பேப்பரில் கணக்குப் பகுதியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிட்டேன், அடுத்த முறை முன்னாடியே ஆரம்பித்து எழுதி முடித்தேன்” என்பது போல, உண்மையான காரணத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பேப்பர் கஷ்டம், திருத்தியவர் சரியில்லை என்ற பேச்சே வேண்டாம்.

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார், எனக்குக் கிரிக்கெட்டும் பாட்டும் பிடிக்கும் என்று நம் பிள்ளைகள் ரேஷன் கார்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கு விஷயம் வந்தால் போதும்: என்ன படிக்கிறேன், படிப்பில் எது பிடித்தது, கையால் என்ன செய்து பார்த்தேன், இந்த வேலை ஏன். கடைசியில் ப்ராஜெக்ட்டையோ கடை அனுபவத்தையோ தொட்டுவிட்டு நிறுத்தினால், அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்தே வரும். தனக்குத் தெரிந்த இடத்துக்கு அவரைத் தானே கூட்டிப்போய்விடலாம்.

பலவீனம் கேட்டால் உண்மையான, ஆனால் வேலையைக் கெடுக்காத ஒன்று சொல்லட்டும். கூட்டத்தில் சந்தேகம் கேட்கத் தயங்குவான் என்றால் அதையே சொல்லலாம், அதற்கு இப்போது என்ன செய்கிறான் என்பதோடு சேர்த்து. ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு “உங்கள் நாற்காலியில்” என்று சொல்லச் சொல்லித் தரும் வீடியோக்களை மறந்துவிடச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள நினைக்கும் ஒரு துறையைச் சொன்னால் போதும்.

“ஈ.சி.ஈ. படித்துவிட்டு ஏன் சாஃப்ட்வேர்?” கட்டாயம் வரும். சின்ன வயதிலிருந்தே ஆசை என்று அளக்க வேண்டாம். ப்ராஜெக்ட்டில் வயர் இணைத்த நேரத்தை விட ப்ரோக்ராம் எழுதித் திருத்திய நேரம் அதிகம், அதில்தான் ஆர்வம் வந்தது என்றால், அது நம்பும்படி இருக்கும்.

இனி முழுக்க முழுக்க வீட்டில் முடிவெடுக்க வேண்டியவை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே எங்கே போட்டாலும் போவீர்களா? நைட் ஷிஃப்ட் சரியா? இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவீர்களா? இவற்றுக்கு “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொன்ன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு அது தயக்கமாகத்தான் கேட்கும். நீங்களும் அவன் அப்பாவும் அவனோடு உட்கார்ந்து இந்த வாரமே பேசி முடிவு செய்துவிடுங்கள். வெளியூர் வேண்டாம் என்பதுதான் முடிவு என்றால் அதையும் தெளிவாகச் சொல்லட்டும், வேலை கிடைத்த பிறகு மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஒப்பந்தம் என்றால் எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா பேப்பர்தானே என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் குறிவைப்பது உங்களைப் போன்ற வீடுகளைத்தான்.

சம்பளத்தில் ஒன்று. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்றால் மாதம் 29,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தத் தொகைக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் அடங்கியிருக்கலாம். கையில் வருவது எவ்வளவு என்று வேலை உறுதியான பிறகு மரியாதையாகக் கேட்கலாம்.

இங்கிலீஷ் பற்றிய பயம் இருக்கத்தான் செய்யும். “மைசெல்ஃப்” என்று பெயரைச் சொல்லத் தொடங்குவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மற்றபடி இலக்கணம் ஒன்றிரண்டு தவறினாலும் பாதகமில்லை, மெதுவாக, சின்ன வாக்கியமாகப் பேசட்டும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பது தப்பில்லை. புரியாத கேள்விக்கு மனப்பாடப் பதிலைச் சொல்வதுதான் தப்பு.

நேர்காணல் ஆன்லைனில் என்றால் லேப்டாப்பை நான்கு புத்தகத்தின் மேல் வைத்துக் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் முகத்துக்கு நேரே இருக்கட்டும். போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருக்கட்டும், அந்த நேரத்தில் தையல் மெஷின் ஓட வேண்டாம். திரையில் பதிலைத் திறந்து வைத்துப் படித்தால் கண் ஓடுவது எதிரில் இருப்பவருக்கு அப்படியே தெரியும்.

கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “நோ சார்” என்று எழுந்துவிடாமல், முதல் ஆறு மாதப் பயிற்சி எப்படி இருக்கும், புதிதாகச் சேர்பவர்களுக்கு என்ன வேலை தருவார்கள் என்று ஒன்று கேட்கட்டும்.

வெளியே வந்ததும் “கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள். பாவம், அவனுக்கும் தெரியாது. சாப்பாடு போட்டுவிட்டு, என்னென்ன கேட்டார்கள், எந்த இரண்டாவது கேள்வியில் நின்றான் என்று அன்றைக்கே நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கம்பெனியில் கிடைக்காமல் போனால், அடுத்த கம்பெனி வருவதற்குள் அந்த நோட்டை வைத்து மறுபடி ராத்திரி அரைமணி நேரம் உட்காருங்கள். அதையும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.